அவருக்காக ஜெபிக்க வாய் திறந்தால் புகார்தான் வருகிறது

பொருநைக்கரை | 22.04.2025, இரவு 9.40

இந்த ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாம் வார்த்தையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." ஏழில் இதுதான் எளிது என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன்; பத்து நிமிடம் பேசுவது எனக்கு ஒரு பொருட்டல்ல.

இரண்டு நாள் முன்பு, 16ஆம் தேதி, அந்தச் செய்தி வந்தது. கிரஹாம் ஸ்டெயின்ஸ் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மகேந்திர ஹெம்பிராம், இருபத்தைந்து ஆண்டுச் சிறைக்குப் பின் நன்னடத்தை காரணமாக ஒடிசாவின் கேந்துஜர் சிறையிலிருந்து விடுதலை. பரிசுத்த வாரத்தில் இப்படி ஒரு செய்தி. பிரசங்கம் தானாகக் கையில் வந்து விழுந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டெயின்ஸ் 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி. மயூர்பஞ்ச் மாவட்டத்துப் பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்தார். 1999 ஜனவரி 22 நள்ளிரவில், மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும், பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது திமொத்தியையும் ஒரு கும்பல் வண்டியோடு கொளுத்தியது. பிள்ளைகள் ஊட்டியில் படித்தவர்கள். விடுமுறைக்கு அப்பாவிடம் போயிருந்தார்கள். ஊட்டி என்று நான் சொன்னதும் ஆலயத்தில் ஒரு சலசலப்பு. நம் மலையில் படித்த பிள்ளைகள் என்றவுடன் துக்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவர் மனைவி கிளாடிஸ், பதின்மூன்று வயது மகள் எஸ்தரை அருகில் வைத்துக்கொண்டு, கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. 2004 வரை அந்தத் தொழுநோயாளிகளோடுதான் இருந்தார்.

முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் மனம் நிறைந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கஞ்சி. எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், சென்ற கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு கஞ்சிப் பந்தலும் இரண்டு. வேப்பமரத்தடியில் எங்கள் அணி, மணிக்கூண்டுப் பக்கம் அவர்கள் அணி. கிளாடிஸ் அம்மையாருக்காக அழுத கண்களோடு அவரவர் பானைக்குப் போனோம்.

அந்த அணியின் தலைவர்தான் என் சிக்கல். தேர்தலுக்கு முன், கட்டட நிதிக் கணக்கில் நான் கைவைத்துவிட்டேன் என்று துண்டறிக்கை அடித்து வீடுவீடாகப் போட்டார். தணிக்கையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இதுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசிய பத்து நிமிடமும் என் கண் அவர்மேல்தான் இருந்தது. உறைக்கிறதா, உறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பேசினேன். சிலுவையில் சொன்ன முதலாம் வார்த்தையைக் கல்லாக எடுத்து மூன்றாவது வரிசைக்கு எறிந்துகொண்டிருந்தேன் என்பது இரவு படுக்கையில்தான் புரிந்தது.

அவருக்காக ஜெபிக்க முயல்கிறேன். "ஆண்டவரே, அவருக்குப் புத்தியைக் கொடும், அவர் கண்களைத் திறந்தருளும்" என்றுதான் வாயில் வருகிறது. இது ஜெபமா, மேல்முறையீடா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஞாயிறுப்பள்ளி அக்கா | 22.04.2025, இரவு 10.15

ஐயா, "அவளுக்குப் புத்தியைக் கொடும்" என்பது என் மாமியார் முப்பது வருடம் எனக்காக ஏறெடுத்த ஜெபம். நான் அடுக்களையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, எனக்குக் கேட்கும்படியாக. அதை வாங்கிக்கொண்ட இடத்திலிருந்து சொல்கிறேன்: அது ஜெபமாகப் படவில்லை.

இயேசு சொன்ன உவமையில் வரும் பரிசேயனுடைய ஜெபத்தையும் பாருங்கள். வடிவத்தில் அது ஸ்தோத்திர ஜெபம். குறையே சொல்ல முடியாது. நடுவில் "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று பக்கத்தில் நிற்பவனுக்கு ஓர் இடி, அவ்வளவுதான். ஆயக்காரனோ தன்னைத் தவிர வேறு யாரையும் ஜெபத்தில் இழுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இது ஜெபமா என்று சந்தேகம் வந்திருக்கிறதே, என் மாமியாருக்குக் கடைசிவரை வரவில்லை.

---

வாள்முனை | 23.04.2025, காலை 6.50

கொன்றவன் வெளியே வந்துவிட்டான். நாம் இங்கே "எப்படி ஜெபிப்பது" என்று கலந்துரையாடுகிறோம். வரவேற்க மாலைகூடப் போட்டார்கள் என்று செய்தியில் இருக்கிறது. 1999இல் மன்னித்தோம். 2008இல் அதே ஒடிசாவில், கந்தமாலில், ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. மன்னிப்புக்குக் கிடைத்த பலன் இதுதானா? "இவர்களை அடித்தால் திருப்பிக் கேட்க மாட்டார்கள், பாட்டுப் பாடுவார்கள்" என்று அடிப்பவனுக்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

சேகரத் தேர்தல் சண்டையையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது ஸ்டெயின்ஸ் குடும்பத்துக்கு அவமானம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

---

வழக்குமன்றம் | 23.04.2025, பிற்பகல் 1.20

கடைசி வரி நியாயமானது. மற்றதில் ஒரு குழப்பம் இருக்கிறது. தொழில் காரணமாக என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கிளாடிஸ் மன்னித்ததால் யாரும் விடுதலை ஆகவில்லை. கொலை, பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளக் கூடிய குற்றமல்ல. வழக்கு நடத்தியது அரசு. 2003 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்குத் தூக்கு விதித்தது. 2005இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2011 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆயுளை உறுதிசெய்தது. தாரா சிங் இன்னமும் சிறையில்தான். ஹெம்பிராம் வந்தது தண்டனைக் குறைப்பு விதிகளின்படி. இப்படிப்பட்ட ஆயுள் கைதிக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சம் 14 ஆண்டு; இவர் இருந்தது 25.

இந்தக் கோட்டை அந்த அம்மையாரே தெளிவாகப் போட்டார். மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் போட்டுக் குழப்பக் கூடாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தன் கையில் இருந்ததை அவர் விட்டார். அரசின் கையில் இருந்ததை விடச் சொல்லவில்லை. கந்தமாலில் தவறியது இந்த இரண்டாவது கை. அதற்குக் கிளாடிஸின் மன்னிப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இன்னொன்று. அந்த 2011 தீர்ப்பில் மதமாற்றம் பற்றி நீதிபதிகள் எழுதிய சில வரிகளுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. நான்கே நாளில் நீதிமன்றம் தானாகவே அவற்றை நீக்கியது. தீர்ப்பு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அழித்தெழுத வேண்டியிருக்கிறது. கஞ்சிப் பந்தலில் நாம் எழுதும் தீர்ப்புக்கு மறுசீராய்வும் கிடையாது.

---

இறையியல் மாணவன் | 23.04.2025, இரவு 11.05

பொருநைக்கரை ஐயாவுக்கு எகிப்திலிருந்து ஒரு கதை. நான்காம் நூற்றாண்டு, ஸ்கேத்திஸ் பாலைவனம். துறவிகள் நடுவே ஒரு சகோதரன் ஏதோ தப்புச் செய்துவிட்டான். அவனை விசாரிக்கச் சபை கூடியது. மூப்பர் மோசேக்கு ஆள் அனுப்பினார்கள், அவர் வரவில்லை. "எல்லாரும் காத்திருக்கிறார்கள்" என்று மறுபடியும் ஆள் போனது. அவர் ஓட்டைக் குடம் ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். (ஓட்டைக் கூடையில் மணல் என்றும் ஒரு பாடம் உண்டு.) இது என்ன ஐயா என்று கேட்டார்கள். "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைப் பார்க்கவில்லை, இன்று இன்னொருவனுடைய பிழையைத் தீர்க்க வந்திருக்கிறேன்" என்றார். கூடியிருந்தவர்கள் ஒன்றும் பேசாமல் அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

இந்த மோசே துறவியாகும் முன் கொள்ளைக்காரர். அதனால்தான் அவரால் அந்தக் குடத்தைத் தூக்க முடிந்தது என்று எங்கள் வகுப்பில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொள்ளையடிக்காதவன் குடத்திலும் ஓட்டை உண்டு; தண்ணீர் ஒழுகும் சத்தம் அவனுக்குக் கேட்பதில்லை.

---

திருக்கோவலூரான் | 24.04.2025, காலை 8.30

நான் சைவன். இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. குடம் பற்றிப் படித்ததும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லத் தோன்றியது.

மெய்ப்பொருள் நாயனார் எங்கள் ஊர் அரசர். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தரித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். அரசர் அவனை மேலே இருத்தித் தாம் கீழே அமர்ந்து வணங்கினார். குத்தினான். மெய்காவலன் தத்தன் வாளை ஓங்கியபோது, சாயும் அரசர் தடுத்துச் சொன்னது: "தத்தா, நமர்." நம்மவர். அதோடு விடவில்லை, ஊரார் கையில் சிக்காமல் எல்லைவரை அவனைக் கொண்டுபோய் விட்டுவா என்றார். தத்தன் திரும்பிவந்து, பத்திரமாக விட்டுவிட்டேன் என்று சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாசெய் தாரை ஒறுத்தல்" குறளை இங்கே யாரும் இன்னும் எடுக்காதது வியப்பு.

---

ஞாயிறுப்பள்ளி அக்கா | 24.04.2025, காலை 9.10

அந்தக் குறளைப் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்துப் பார்த்து எங்களுக்கு மரத்துப்போய்விட்டது ஐயா. ஆனால் எனக்கு நெடுநாள் சந்தேகம். "அவர் நாண நன்னயம்" என்கிறாரே, எதிரி வெட்கப்பட வேண்டும் என்பதற்காக நன்மை செய்வதும் ஒரு பழிவாங்கல் இல்லையா? நம் வேதத்தில் ரோமர் 12லும் இதே முள். எதிரிக்குப் போஜனம் கொடு, பானம் கொடு என்று சொல்லிவிட்டு, அதனால் "அக்கினித்தழலை அவன் தலையின்மேல் குவிப்பாய்" என்று முடிகிறது. சோறு போட்டுச் சூடு வைக்கிற கணக்கா?

நாயனார் கதையிலும் ஒரு கேள்வி. அவர் விட்டது முத்தநாதனையா, அவன் போட்டிருந்த வேடத்தையா? வேடம் இல்லாமல் வந்திருந்தால்?

---

திருக்கோவலூரான் | 24.04.2025, மாலை 5.45

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. வேடத்துக்காகத்தான். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. அவனிடம் நேர்மையில்லை, நட்பில்லை, சொன்ன சொல்லில் உண்மையில்லை. மிச்சம் இருந்தது பூசிவந்த நீறு மட்டும். அதுவும் பொய்யாகப் பூசியது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு "நமர்" என்றார்.

உங்கள் வேதத்தில் மனிதன் தேவ சாயலில் படைக்கப்பட்டவன் என்கிறீர்கள். அந்தச் சாயல் எவனும் கழற்றிவிட முடியாத வேடம் அல்லவா? அப்படியானால் உங்களுக்கு யாரைத்தான் "நமர்" என்று சொல்லாமல் இருக்க முடியும்? நீங்கள் கேட்ட கேள்வியை நான் திருப்பிக் கேட்கவில்லை; உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

குறளில் வரும் நாணம் பற்றி: நாணுவதும் நாணாததும் அவன் பாடு. "செய்துவிடல்" என்கிறாரே, செய்துவிட்டு நகர்ந்துவிடுவது. நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நன்னயம் ஆகாது.

---

பொருநைக்கரை | 24.04.2025, இரவு 8.20

முப்பத்துமூன்று ஆண்டு அந்தக் குறளை நடத்தியிருக்கிறேன். "விடல்" என்பதற்கு "மறந்துவிடுதல்" என்று பரிமேலழகரை ஒட்டி உரை சொல்லி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். "நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்" என்ற உங்கள் வாக்கியம் மூன்றாவது வரிசைக்கு நேராகப் போகிறது. நன்றி ஐயா. கொஞ்சம் வலிக்கிறது.

---

கல்லறைத்தோட்டம் | 26.04.2025, இரவு 10.50

எல்லாம் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள்.

நான் கத்தோலிக்கன். பகைவரை நேசிக்கச் சொல்லும் வசனம் எங்கள் மொழிபெயர்ப்பில் "உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள்." எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. கிழக்குப் பக்கம் அவர்கள், மேற்குப் பக்கம் நாங்கள். என் பாட்டனார் மேற்கே, அப்பா மேற்கே. ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே நற்கருணை. புதைகுழி மட்டும் இரண்டு. அந்தச் சுவரை எடுக்கச் சொல்லி நாங்கள் கேட்டபோதெல்லாம் கிழக்குப் பக்கத்துப் பெரியவர்கள் எங்களுக்கு எடுத்துச் சொல்லும் வேதவசனம் எது தெரியுமா? நீங்கள் ஆராதனையில் பேசிய அதே முதலாம் வார்த்தை. "ஆண்டவரே மன்னித்தார், நீங்கள் பழசைக் கிளறலாமா?"

பகைவரை நேசி என்பதை யார் யாரிடம் சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஆமென் சொல்வேன்.

---

பொருநைக்கரை | 26.04.2025, இரவு 11.30

தம்பி, வருத்தமாக இருக்கிறது. அந்தச் சுவர் பாவம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மனத்தில் கசப்பை வைத்துக்கொண்டால் அது நம்மைத்தானே தின்னும்? நீங்கள் முதலில் மன்னித்துவிட்டால், ஒருவேளை அவர்கள் மனமும் இளகி அந்தச் சுவர் தானாக விழக்கூடும் அல்லவா?

---

கல்லறைத்தோட்டம் | 27.04.2025, காலை 7.05

ஐயா, நான் கசப்பாக இருக்கிறேன் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறேன்? சுவர் இருக்கிறது என்றுதான் எழுதினேன். சுவரைப் பற்றிப் பேசினால் உடனே என் மனத்தைப் பரிசோதிக்க வந்துவிடுகிறீர்கள். கட்டியவர்கள் மனத்தை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

என் அம்மா கிழக்குத் தெருவில் ஒரு வீட்டுப் பாட்டிக்கு ஆறு மாதம் படுக்கைப் புண் துடைத்துவிட்டார். பெற்ற மகள்கள் வரவில்லை. பாட்டி செத்ததும் கிழக்கே கொண்டுபோனார்கள். அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று செபமாலை சொன்னார். பகைவரிடம் அன்பு கூர்வது எப்படி என்று எங்கள் வீட்டுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. செங்கல் எப்போது இறங்கும் என்பதுதான் கேள்வி.

"தானாக விழும்" என்கிறீர்கள். உங்கள் துண்டறிக்கைக்காரர் வருத்தம் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது தானாக வரும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை, தணிக்கை கேட்டீர்கள். நாங்களும் தணிக்கைதான் கேட்கிறோம்.

---

வாள்முனை | 27.04.2025, காலை 7.40

சரியான அடி. பிரசங்கம் செய்ய வந்த வாத்தியாருக்கு இப்போதாவது உறைத்திருக்கும். இப்படிப்பட்ட பசப்புக் கிறிஸ்தவர்களால்தான்

*(இதற்கு மேல் உள்ள பகுதி நீக்கப்பட்டது.)*

நெறியாளர் | 27.04.2025, காலை 9.00

தலைப்பை ஒருமுறை வாசித்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். வாள்முனை அவர்களின் கணக்கை நிறுத்தவில்லை.

---

கல்லறைத்தோட்டம் | 27.04.2025, காலை 9.25

நீக்கிய பகுதியை நான் வாசித்துவிட்டேன். வாள்முனை அண்ணன், என் சார்பாக அந்தச் சொற்கள் வேண்டாம். எனக்கு அவரிடம் சண்டையில்லை, கேள்வி இருக்கிறது.

---

இறையியல் மாணவன் | 27.04.2025, இரவு 9.15

சிறியதாக ஒன்று. அதே பாலைவனத்தில், ஒரு சகோதரன் பாவம் செய்தான் என்று குருவானவர் அவனைக் கோயிலைவிட்டு வெளியே போகச் சொன்னார். மூப்பர் பெஸ்ஸாரியோன் எழுந்து அவனோடு சேர்ந்து வெளியே நடந்தார். "நானும் பாவிதான்" என்றார். உபதேசம் எதுவும் செய்ததாகப் பதிவில்லை.

மோசே உள்ளே வந்து தீர்ப்பை நிறுத்தினார். பெஸ்ஸாரியோன் தீர்ப்பு கிடைத்தவனோடு வெளியே போனார். சுவர் விஷயத்தில் நமக்குப் பொருந்துவது இரண்டாவது ஆள் என்று தோன்றுகிறது.

---

ஞாயிறுப்பள்ளி அக்கா | 28.04.2025, மாலை 4.30

எனக்கு ராணி மரியா சகோதரியின் நினைவு. கேரளத்துப் புல்லுவழியைச் சேர்ந்த கன்னியாஸ்திரீ. மத்தியப் பிரதேசத்தில் உதயநகர்ப் பக்கம், வட்டிக்காரர்கள் பிடியிலிருந்த ஏழை விவசாயிகளோடு வேலை செய்தார். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் போகும் பஸ்ஸில், பயணிகள் கண்முன்னே, சமுந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள்.

அவருடைய தங்கை செல்மி பாலும் அதே சபைக் கன்னியாஸ்திரீதான். சிறைக்குப் போய்ச் சமுந்தர் சிங் கையில் ராக்கி கட்டினார். அது எப்போது நடந்தது என்பதை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: 2002இல். ஏழு ஆண்டு கழித்து. பிறகு அவர்களுடைய வயதான தாய் சிறைக்கு வந்து, மகளைக் குத்திய அந்தக் கைகளை முத்தமிட்டார். 2006இல் சமுந்தர் சிங் விடுதலையானதற்கு இந்தக் குடும்பத்தின் முயற்சியும் ஒரு காரணம். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்த திருப்பலியில் சமுந்தர் சிங்கும் உட்கார்ந்திருந்தார்.

இதை ஞாயிறு பள்ளியில் சொன்னபோது ஒரு சிறுமி, "அந்த ஏழு வருஷமும் தங்கச்சி என்ன செய்தார்கள், டீச்சர்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நாம் கதையைச் சொல்லும்போது ஏழு வருடத்தை ஒரு காற்புள்ளியில் தாண்டிவிடுகிறோம். பொருநைக்கரை ஐயா, தம்பியிடம் "முதலில் மன்னித்துவிட்டால்" என்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வரியில் கேட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

---

வழக்குமன்றம் | 28.04.2025, இரவு 7.50

அழகான கதை, அக்கா. ஆனால் இப்படிப்பட்ட கதைகளில் எதிரி கடைசியில் திருந்திவிடுகிறான். திருந்தாத எதிரி யாருக்கும் பிரசங்கத்தில் இடமில்லை. ஹெம்பிராம் மனம் மாறியவராக வரவில்லை. தான் பொய்யாகச் சேர்க்கப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டுதான் வெளியே வந்தார். அதனால் கிளாடிஸின் மன்னிப்பு வீணாகிவிட்டதா?

---

இறையியல் மாணவன் | 28.04.2025, இரவு 11.40

வீணாகிப்போன இரக்கத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார். டிர்க் வில்லெம்ஸ், நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊர். வயதுவந்தபின் எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்ற அனபாப்திஸ்து. அந்தக் காலத்தில் அது மரண தண்டனைக்குரிய குற்றம். துணிகளை முடிச்சுப் போட்டு இறங்கிச் சிறையிலிருந்து தப்பினார். உறைந்த நீர்நிலைமேல் ஓடினார். சிறைச் சோற்றில் மெலிந்த உடல், பனிக்கட்டி தாங்கியது. துரத்திய காவலன் கனமானவன். உடைந்து உள்ளே விழுந்தான்.

டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் கரைசேர்த்தார்.

காவலன் அவரை விட்டுவிட விரும்பினான். கரையில் நின்ற நகரத் தலைவர், உன் சத்தியப் பிரமாணத்தை நினைத்துக்கொள் என்று கத்தினார். பிடித்தான். 1569 மே 16 அன்று டிர்க்கை எரித்தார்கள். காற்று பலமாக வீசித் தீயை மேலேற விடாததால் நெடுநேரம் துடித்தார். எழுபது தடவைக்கு மேல் ஆண்டவரைக் கூப்பிட்ட குரல் பக்கத்து ஊரில் கேட்டது என்று பதிவு.

யாரும் திருந்தவில்லை. எரித்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான், பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று சொல்பவர்கள்தான். அவர் திரும்பி ஓடிவரும்போது தேவ சாயல், நன்னயம் என்றெல்லாம் யோசிக்க நேரமிருந்திருக்காது. ஒருவன் தண்ணீரில் தத்தளிக்கிறான், அவ்வளவுதான்.

---

வாள்முனை | 29.04.2025, காலை 6.30

இதை வாசித்துவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை.

என் சித்தப்பா குடும்பம் ஒரு கலவரத்தில் வீட்டை இழந்தது. ஊர், ஆண்டு எழுத விருப்பமில்லை. அதனால்தான் அப்படி எழுதினேன். எழுதியது சரி என்று சொல்லவில்லை. என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்றும் சொல்லவில்லை. வாத்தியார் என்று கேலியாக எழுதியதற்கு மட்டும் வருந்துகிறேன், ஐயா.

---

ஞாயிறுப்பள்ளி அக்கா | 29.04.2025, காலை 8.00

தம்பி, நினிவே ஊரை ஆண்டவர் அழிக்காமல் விட்டதற்கு யோனா கோபித்துக்கொண்ட அந்த யோனா நான்காம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தும்போதெல்லாம், "கடைசியில் யோனா கோபத்தை விட்டுவிட்டாரா?" என்று கேட்பார்கள். அந்தப் புத்தகம் ஆண்டவர் கேட்ட கேள்வியோடு நின்றுவிடுகிறது. அத்தனை ஜனங்களுக்காக, அநேக மிருகஜீவன்களுக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்கிறார். யோனாவின் பதில் எழுதப்படவில்லை. நினிவே எப்படிப்பட்ட ஊர் என்று யோனாவுக்குத் தெரியும். அவர் கோபம் காரணமில்லாத கோபம் அல்ல. ஆண்டவரும் அவரைத் தள்ளிவிடவில்லை, நிழலுக்கு ஒரு ஆமணக்கை வளர்த்துக் கொடுத்து, அது பட்டபிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா வீட்டாரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

---

பொருநைக்கரை | 18.05.2025, இரவு 9.10

மூன்று வாரம் எழுதவில்லை. எழுத வாய் இல்லை என்பதுதான் உண்மை.

கல்லறைத்தோட்டம் தம்பிக்கு முதலில். நான் எழுதிய அந்த இரவு 11.30 பதிவை நீக்கிவிட நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன். அது அங்கேயே கிடக்கட்டும். என்மேல் பொய்ப்பழி சுமத்தியவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு முழம் எழுதியவன், தலைமுறையாகச் சுவருக்கு மறுபக்கம் புதைக்கப்பட்டவர்களிடம் "முதலில் நீங்கள்" என்றேன். எங்கள் சேகரத்தில் அப்படிச் சுவர் இல்லையே என்று ஒரு பெருமையும் உள்ளே இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். எங்கள் கமிட்டியில் இந்த நாற்பது வருடத்தில் எந்தெந்தத் தெருவிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணினேன். எண்ணியதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்; அவசரமில்லை.

அடுத்து, தொடங்கிய விஷயம். ஜெபத்தில் அவருக்குப் புத்தி கேட்பதை நிறுத்திவிட்டேன். வேறு சொற்களைத் தேடினேன், ஒவ்வொன்றிலும் என் வழக்கு ஒளிந்துகொண்டிருந்தது. "அவரை ஆசீர்வதியும்" என்றால்கூட, பார்த்தீர்களா ஆண்டவரே எப்படிப்பட்டவனை ஆசீர்வதிக்கச் சொல்கிறேன் என்று ஒரு குரல். அதனால் இப்போது பெயரை மட்டும் சொல்கிறேன். பெயரைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாட்களில் துண்டறிக்கைதான் கண்முன் வந்தது. ஒரு வாரம் போனபின், அவருக்குச் சர்க்கரை நோயில் இடது கால் விரல் எடுத்தது நினைவு வந்தது. அது தெரிந்த விஷயம்தான். சென்ற தேர்தலில் எங்கள் அணியில் ஒருவர் அதைச் சொல்லிக் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். துண்டறிக்கை அடித்தது அவர். அந்தச் சிரிப்பு என்னுடையது. குடம் ஒழுகுகிறது, மாணவன் தம்பி.

சென்ற ஞாயிறு மணிக்கூண்டுப் பக்கம் போய், "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருக்கோவலூர் ஐயா சொன்னபடி நின்று பார்க்காமல் நகர்ந்துவிட்டேன். என் அணிக்காரர்கள் இப்போது என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. அது பெருந்தன்மை அல்ல, யாரும் என்னை நிறுத்த மாட்டார்கள்.

---

திருக்கோவலூரான் | 18.05.2025, இரவு 10.00

"இருக்கிறது" என்றாரே, பதில் வந்துவிட்டது ஐயா.

---

கல்லறைத்தோட்டம் | 19.05.2025, காலை 6.45

ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த வாத்தியார் கால் விரலைப் பற்றிக் கேட்டாரே, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாரா?" என்றார்.

சுவர் அப்படியேதான் இருக்கிறது. ஆயருக்கு எழுதிய மனு மூன்றாவது முறையாகப் போயிருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். நீங்கள் வேறு சபை, பரவாயில்லை. எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்றபடி பூ வாங்கி வைக்க வேண்டும்.

---

பொருநைக்கரை | 19.05.2025, காலை 7.10

உங்கள் அப்பா பக்கம். பஸ் எந்த ஊரில் மாற வேண்டும் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள் தம்பி. மாத்திரை பற்றி வரும் ஞாயிறு கேட்கிறேன்.